மேடை நின்றுவிட்டது, இப்போது பாடம் எடுக்கிறேன். இது எப்போது என் சொந்த வேலையாக மாறும்?

மோதிரவிரல் எழுதியது:

வணக்கம். இங்கே பல வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

5 வயதில் பியானோ முன்னால் உட்கார்ந்தேன். 22 வயதிலிருந்து 39 வரை கச்சேரிதான் என் பிழைப்பு. தனிக் கச்சேரி, ஆர்க்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிக்கும் கான்செர்ட்டோ, பாடுபவர்களுக்கு உடன்வாசிப்பு எல்லாம் செய்திருக்கிறேன். உலகம் அறிந்த பெயர் இல்லை. ஆனால் வருடத்துக்கு 40, 50 மேடை இருந்தது, அடுத்த பருவத்துக்கு என்ன வாசிக்கப் போகிறேன் என்பதை வைத்துத்தான் காலத்தையே கணக்கிட்டு வாழ்ந்தேன்.

3 வருடத்துக்கு முன்னால் வலது கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் என் பேச்சைக் கேட்பதை நிறுத்தின. வலி இல்லை, அதுதான் குழப்பமே. பேனா பிடிக்கலாம், பொத்தான் போடலாம், எல்லாம் சரியாக இருக்கும். பியானோ கட்டையில் கை வைத்து ஒரு ஸ்கேல், அதாவது சுரவரிசை, வாசித்தால் மட்டும் அந்த இரண்டு விரலும் உள்ளங்கைக்குள் சுருண்டுகொள்ளும். நம்மில் யாராக இருந்தாலும் என்ன செய்வோமோ அதையே நானும் செய்தேன், சாதகத்தைக் கூட்டினேன். நாளுக்கு 7 மணி நேரம். கூட்டக் கூட்ட மோசமானது. கடைசியில் ஒரு நரம்பியல் மருத்துவர் ஃபோகல் டிஸ்டோனியா என்று சொன்னார். கோளாறு விரலில் இல்லை, மூளை விரல்களுக்குக் கட்டளை அனுப்பும் விதத்தில் இருக்கிறது என்றார். சிகிச்சை போய்க்கொண்டிருக்கிறது. பழைய கை திரும்பும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

ஒன்றரை வருடமாகப் பாடம் எடுக்கிறேன். 14 பேர் படிக்கிறார்கள், 7 வயதுக் குழந்தையிலிருந்து போட்டிக்குத் தயாராகிற 19 வயது மாணவர் வரைக்கும். பிள்ளைகள் நல்லவர்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு வகுப்பு முடிந்து கதவைச் சாத்தும்போதும் வேறு யாருடைய வேலையையோ செய்துவிட்டு வந்த மாதிரிதான் இருக்கிறது. போன வாரம் அந்த 19 வயது மாணவர் ஷோபான் பியானோவுக்கு எழுதிய முதல் பலாட் என்ற படைப்பில் ஓர் இடத்தைக் காட்டி, "நீங்கள் வாசித்துக் காட்டுங்களேன்" என்று கேட்டார். கை இன்று சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். ஒன்றரை வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என் கேள்விகள் இவைதான். மேடையிலிருந்து பாடம் சொல்ல வந்தவர்கள் இங்கே இருந்தால், அது எப்போது உங்கள் வேலையாக ஆனது? ஆனதா? கையால் காட்ட முடியாத ஒருவர் பியானோ கற்பிக்க முடியுமா? மாணவர்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டுமா?

---

நடு_சி எழுதியது:

நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். மூன்று கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை, ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் "வேறு யாருடைய வேலையையோ" என்று நீங்கள் எழுதியது சரித்திரப்படி பார்த்தாலும் சரியில்லை.

கார்ல் செர்னியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் எல்லோருக்கும் விரல் பயிற்சிப் புத்தகத்தின் அட்டையில் இருக்கிற பெயராகத்தான் அவரைத் தெரியும். பெத்தோவனின் ஐந்தாவது பியானோ கான்செர்ட்டோவை வியன்னாவில் முதலில் வாசித்தவர் அவர், 1812-இல், அப்போது 21 வயதுகூட நிரம்பவில்லை. அந்த மனிதர்தான் மேடையை விட்டுவிட்டுப் பல வருடம் பாடம் எடுத்தார். அவரிடம் வந்த பையன்களில் ஒருவன் ஃபிரான்ஸ் லிஸ்ட். அந்தப் பையனிடம் அவர் பணம் வாங்கவில்லை. லிஸ்ட் பின்னாளில் தன் மிகக் கடினமான எட்யூட் (பயிற்சிப் படைப்பு) தொகுப்பை அவருக்குத்தான் காணிக்கையாக்கினார்.

அப்புறம் அதே லிஸ்ட், ஐரோப்பாவே பைத்தியம் பிடித்து அலைந்த கலைஞர், 1847-இல், 35 வயதில், பணத்துக்கு வாசிக்கும் கச்சேரிகளை நிறுத்திவிட்டார். வைமார் நகரில் உட்கார்ந்து இலவசமாகக் கற்பித்தார். கையில் எந்தக் கோளாறும் இல்லை அவருக்கு. ஷோபான் வாழ்நாளில் பொதுமேடையில் வாசித்ததே சுமார் 30 தடவைதான், பாரிஸில் அவர் வாழ்க்கையை நடத்தியதில் பெரும் பங்கு பாடம் சொல்லி வந்த வருமானம். உங்கள் மாணவர் அந்த பலாடைப் பற்றி ஒரு பாட அறையில் ஆசிரியரிடம் கேட்கிறார். எழுதியவரும் தன் காலை நேரங்களை அப்படிப்பட்ட அறையில்தான் கழித்தார்.

பியானோ என்ற கலை கையிலிருந்து கைக்குப் போன கதை முழுக்கப் பாட அறைகளில் நடந்தது. மேடையில் அந்தக் கதை கொஞ்ச நேரம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, நான் உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறேன்.

---

இடக்கை எழுதியது:

உங்களுக்கு வந்தது எனக்கும் வந்தது, எனக்கு இரண்டாவது, மூன்றாவது விரல். தொழிலாக வாசிப்பவர்களில் சுமார் நூற்றில் ஒருவருக்கு இது வருகிறது என்கிறார்கள். அப்படியென்றால் நீங்களும் நானும் பார்த்த ஒவ்வொரு பெரிய ஆர்க்கெஸ்ட்ராவிலும் ஓர் ஆளாவது இதோடு போராடிக்கொண்டிருந்திருக்கலாம், வாயைத் திறக்காமல். நம் தொழிலில் கையைப் பற்றிப் பேச எல்லோருக்கும் பயம்.

பியானோ கலைஞர் லியான் ஃபிளைஷரைப் பற்றி உங்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இருட்டில் இருந்த நாட்களில் அவர் வாழ்க்கையை வரிசையாக அடுக்கிப் பார்த்ததுதான் எனக்கு உதவியது, அதுவும் "நோயை வென்றார்" என்று சுருக்கிச் சொல்லும் கதை இல்லை, அதில் இருக்கிற வருடக் கணக்கு.

1928-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தார். 4 வயதில் பாடம் ஆரம்பம். 9 வயதில் பெரிய பியானோ கலைஞரான ஆர்தர் ஷ்னாபெலிடம் மாணவராகச் சேர்ந்தார், அவ்வளவு சின்னப் பிள்ளைகளை ஷ்னாபெல் சேர்ப்பதே இல்லை. 16 வயதில் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கோடு மேடை. 1952-இல் பிரஸ்ஸல்ஸில் எலிசபெத் ராணி போட்டியில் முதல் பரிசு, அதை வென்ற முதல் அமெரிக்கர். ஜார்ஜ் செல் நடத்திய கிளீவ்லாண்ட் ஆர்க்கெஸ்ட்ராவோடு பெத்தோவனின் ஐந்து கான்செர்ட்டோவையும் பிராம்ஸின் இரண்டையும் பதிவு செய்தார், இன்றைக்கும் அவற்றைக் கேட்டுத்தான் நாம் வளர்கிறோம். 1964 வாக்கில், 36 வயதில், வலது கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் உள்ளே சுருண்டன. உங்களுக்கு மடங்குகிற அதே இரண்டு விரல்.

அவரும் சாதகத்தைக் கூட்டினார். அவருக்கும் மோசமானது. நோயின் சரியான பெயர் தெரியவே கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. உங்களுக்கு மூன்று வருடத்துக்குள் தெரிந்துவிட்டது என்பது பெரிய விஷயம், இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கவனிக்க வேண்டியது இது. அவர் 1959-லிருந்தே பால்டிமோரில் பீபாடி இசைப் பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார், கை நன்றாக இருந்தபோதே. அப்போதெல்லாம் மாணவர் ஓர் இடத்தில் தடுமாறினால் தானே வாசித்துக் காட்டுவார், மாணவர் அதைப் பார்த்துச் செய்வார். கை போன பிறகு அது முடியவில்லை. அந்த இடத்தில் என்ன நடக்கிறது, இந்த வாக்கியம் எங்கே போகிறது, எந்தச் சுரத்தில் மூச்சு விடுகிறது என்பதையெல்லாம் வார்த்தையில் சொல்ல வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகுதான் தான் நல்ல ஆசிரியரானதாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஆந்த்ரே வாட்ஸ், எஃபிம் பிரான்ஃப்மன், ஜொனதன் பிஸ் எல்லோரும் அவரிடம் பாடம் கேட்டவர்கள்.

உடனே ஆகிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கடும் மனச்சோர்வில் இரண்டு வருடம் போயிற்று. 1982-இல் பால்டிமோரில் புது அரங்கம் திறந்தபோது இரண்டு கையோடும் திரும்ப வந்து ஃபிராங்கின் சிம்ஃபனிக் வேரியேஷன்ஸ் வாசித்தார். சபை எழுந்து நின்று கொண்டாடியது. அவருக்கு மட்டும் தெரியும், கை சரியாகவில்லை என்று. மறுபடி ஒதுங்கி இடது கைக்கு எழுதிய படைப்புகளுக்கே திரும்பினார். இந்த இடம்தான் அந்த வாழ்க்கையிலேயே என்னை அதிகம் தொட்டது. அவ்வளவு கைதட்டலுக்கு நடுவில் தன்னிடம் பொய் சொல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று மேடை ஏறியவர்களுக்குத்தான் புரியும். 90-களில் தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசியும் ஆழ்ந்த மசாஜும் பலன் தந்தன. 2004-இல் இரண்டு கையாலும் வாசித்த பதிவு வெளிவந்தது, ஏறக்குறைய 40 வருடத்துக்கு அப்புறம். 2020-இல் 92 வயதில் இறந்தார். 61 வருடம் பீபாடியோடு இருந்திருக்கிறார். 

இன்னொன்று. ஃபிளைஷரின் ஆசிரியர் ஷ்னாபெல், ஷ்னாபெலின் ஆசிரியர் லெஷெடிட்ஸ்கி, லெஷெடிட்ஸ்கியின் ஆசிரியர் மேலே நடு_சி சொன்ன அதே செர்னி, செர்னியின் ஆசிரியர் பெத்தோவன். ஐந்து தலைமுறை. நடுவில் ஒருவர் "பாடம் எடுப்பது என் வேலை இல்லை" என்று எழுந்து போயிருந்தால் சங்கிலி அங்கேயே அறுந்திருக்கும்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பதில்: சொல்லிவிடுங்கள். நான் 8 மாதம் மறைத்தேன், அந்த 8 மாதமும் என் மாணவர்கள் நான் அவர்கள் மேல் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

---

கடைசி வரிசை எழுதியது:

மற்றவர்கள் சொன்னதெல்லாம் சரி, ஆனால் மாணவர் பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் என்று எழுதுகிறேன். கடுமையாகத் தோன்றினால் மன்னியுங்கள்.

எனக்கு 11 வயதிலிருந்து 15 வரை பாடம் சொன்னவர் ஒரு முன்னாள் கச்சேரிக் கலைஞர். பெயர் வேண்டாம். மேடையை ஏன் விட்டார் என்று எங்கள் யாருக்கும் தெரியாது, கேட்கவும் முடியாது. அற்புதமான வாசிப்பு, அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. நான் ஒரு மொஸார்ட் சொனாட்டாவின் மெதுவான பகுதியைத் தட்டுத்தடுமாறி வாசித்துக்கொண்டிருப்பேன், இரண்டாவது தவறில் என்னை நாற்காலியிலிருந்து நகரச் சொல்லிவிட்டு அவரே உட்கார்ந்து வாசிப்பார். நான்கு சுரத்தைக் காட்ட ஆரம்பிப்பார், நிறுத்த மாட்டார். பகுதி முழுக்க வாசிப்பார், சில நாள் அடுத்த பகுதியும் போகும். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். அவர் எனக்காக வாசிக்கவில்லை என்று அந்த வயதிலேயே தெரிந்தது. யாருக்காக என்றுதான் தெரியவில்லை.

முடித்துவிட்டு என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வையில் திட்டு இல்லை, ஏமாற்றம் இருந்தது. தன் வாழ்க்கை இந்த அறையில் இந்தக் குழந்தையின் முன்னால் வந்து நின்றுவிட்டதே என்கிற ஏமாற்றம், இதை எனக்கு 30 வயதான பிறகுதான் பெயர் வைத்துச் சொல்ல முடிந்தது. அப்போது நான் நினைத்ததெல்லாம் நான் மோசமாக வாசிக்கிறேன் என்பது மட்டும்தான். 15 வயதில் நிறுத்திவிட்டேன், 12 வருடம் பியானோவைத் தொடவில்லை.

இப்போது வேறோர் ஆசிரியரிடம் படிக்கிறேன். இவரும் மேடையில் வாசித்தவர்தான். வித்தியாசம் என்னவென்றால், நான் வாசிக்கும்போது இவர் கேட்கிறார். அதாவது உண்மையாகவே என் வாசிப்பைக் கேட்கிறார், தன் தலைக்குள் ஓடுகிற நல்ல வாசிப்பை இல்லை. ஒரு தடவை நான் தவறான இடத்தில் வேகம் குறைத்தேன், "அங்கே ஏன் நின்றாய்?" என்று கேட்டார், குற்றமாக இல்லாமல் உண்மையிலேயே தெரிந்துகொள்ள. எனக்கே தெரியவில்லை, யோசித்துப் பார்த்தால் இடது கையில் ஒரு சுரம் எனக்குப் பிடித்திருந்தது, அதைக் கேட்க நின்றிருக்கிறேன். அப்படியானால் நிற்காமலே அதை மற்றவர்களுக்குக் கேட்க வைக்க வழி இருக்கிறதா பார்க்கலாம் என்றார். அன்றைய வகுப்பு முழுக்க அந்த ஒரு சுரம்.

ஆகவே உங்கள் துக்கத்தை வகுப்புக்கு வெளியே எங்காவது கொண்டுபோய் வையுங்கள். துக்கப்பட வேண்டாம் என்று சொல்லவில்லை. குழந்தைகள் அதை முகத்தில் படித்துவிடுவார்கள், படித்துவிட்டுத் தங்கள் மேலேயே போட்டுக்கொள்வார்கள். அதனால்தான் நானும் சொல்கிறேன், உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

---

மோதிரவிரல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கடைசி வரிசை, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவு சரியாகத் தூங்கவில்லை. அந்த 7 வயதுக் குழந்தை வகுப்பு முடிந்ததும் "நான் இன்றைக்கு நன்றாக வாசித்தேனா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்கும், நான் அதைக் குழந்தைப் பேச்சு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இடக்கை, 1982 கச்சேரி பற்றி எனக்குத் தெரியாது. பதிவுகளைத்தான் கேட்டிருக்கிறேன்.

இரண்டாவது கேள்விக்கு யாராவது நடைமுறையாகச் சொல்லுங்கள். கையால் காட்டாமல் எப்படி?

---

பெடல் சத்தம் எழுதியது:

நான் 26 வருடமாகக் கற்பிக்கிறேன். அதற்கு முன்னால் 9 வருடம் மேடை. எனக்குக் கை போகவில்லை, பயணமும் பதற்றமும் தாங்காமல் நானாகவே விட்டேன், அதனால் உங்கள் வலி என்னுடையது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வகுப்பறை எனக்குத் தெரியும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நன்றாக வாசித்தவர்களுக்குத் தாங்கள் எப்படி வாசிக்கிறோம் என்பது தெரியாது. கைக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. ஸ்கேலில் கட்டைவிரலைக் கீழே நுழைப்பதை 5, 6 வயதில் கற்றோம், கற்றதே மறந்துவிட்டது. ஆரம்பத்தில் ஒரு பெண் என்னிடம், சன்னமாக வாசித்தால் சத்தமே வரமாட்டேன் என்கிறது, என்ன செய்வது என்று கேட்டாள். "மென்மையாக வாசி" என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை! வீட்டுக்குப் போய் பியானோவின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்தேன். கட்டையை நாம் அழுத்தும்போது சுத்தியல் தந்திக்குக் கொஞ்சம் முன்னாலேயே விடுபட்டுத் தானாகப் பறந்து போய் அடிக்கிறது. அதனால் சுத்தியலுக்கு நாம் கொடுக்க முடிவது வேகம் மட்டும்தான், அடித்த பிறகு எவ்வளவு அழுத்தினாலும் அந்தச் சுரத்துக்கு எதுவும் ஆகாது. அப்படியானால் அவளுக்கு என்ன பிரச்சினை? சத்தம் சன்னமாக இருக்க வேண்டும் என்று பயந்து கட்டையை அடிவரைக்கும் கொண்டுபோகாமல் விட்டுவிடுகிறாள், சுத்தியல் தந்தியைத் தொடாமலே திரும்பிவிடுகிறது. "அடியைத் தொடு, ஆனால் அவசரப்படாமல் தொடு" என்று சொன்னேன். ஒரே வகுப்பில் வந்துவிட்டது. அந்த இரண்டு சொல்லுக்காக நான் ஒரு ராத்திரி முழுக்க விழித்திருந்தேன். மேடையில் இருந்த 9 வருடத்தில் எனக்கு அது தேவைப்படவே இல்லை.

கையால் காட்டாமல் எப்படி என்றால், உங்களுக்கு இடது கை இருக்கிறது. மாணவரின் வலது கை மெட்டை நீங்கள் இடது கையால் வாசித்துக் காட்டலாம், மெட்டு எப்படிப் போகிறது என்பதுதானே அங்கே கேள்வி, எந்த விரல் என்பது இல்லை. மாணவர் வலது கையை வாசிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து இடது கைப் பகுதியை வாசியுங்கள். கீழே அடித்தளம் மாறினால் மேலே தன் வாசிப்பு தானாக மாறுவதை அவர் உணர்வார், எந்த விளக்கத்தையும் விட இது வேகமாக வேலை செய்யும். பாடுங்கள். குரல் நன்றாக இல்லாவிட்டாலும் பாடுங்கள். பியானோவில் ஒவ்வொரு சுரமும் பிறந்த கணத்திலிருந்து தேய்ந்துகொண்டே போகிறது, இரண்டு சுரத்தை உண்மையில் ஒட்டவே முடியாது, ஒட்டியிருப்பதாகக் கேட்பவரை நம்ப வைக்கத்தான் முடியும். அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதைக் குரல் காட்டும், விரல் காட்டாது. பல சுரம் சேர்ந்து ஒலிக்கும் கார்டில் மேல் சுரம் மட்டும் துலங்க வேண்டும் என்றால், மேல் சுரத்தைப் பிடித்துவைத்து மற்றவற்றைத் தொட்டுத் தொட்டு விடச் சொல்லுங்கள், கையின் எடை எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று கை தானே கண்டுபிடிக்கும்.

வாசித்துக் காட்டுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. மாணவர் உங்களைப் போலவே வாசிக்கப் பழகிவிடுவார். உங்கள் விரல் வரிசையை எழுதிக்கொண்டு போவார், அவர் கை உங்கள் கையை விடச் சின்னதாக இருக்கும், பிறகு கையை அகல விரிக்க வேண்டிய ஆக்டேவ் வரும் இடத்திலெல்லாம் மணிக்கட்டு இறுகும். கையால் காட்ட முடியாத ஆசிரியரிடம் இந்தத் தொல்லை வராது.

இப்போது முக்கியமானதுக்கு வருகிறேன், இதற்குத்தான் இவ்வளவு எழுதினேன். உங்களிடம் 17 வருட மேடை இருக்கிறது. மேடையே ஏறாத நல்ல ஆசிரியர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களை நான் மதிக்கிறேன், ஆனால் சில விஷயத்தை அவர்களால் கொடுக்க முடியாது. பக்கவாட்டிலிருந்து நடந்து வந்து நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்யும்போது மனதில் என்ன இருக்க வேண்டும்? முதல் சுரத்துக்கு முன்னால் எவ்வளவு நேரம் காத்திருப்பது? அறிமுகமில்லாத பியானோவின் பெடல் எந்த ஆழத்தில் பிடிக்கிறது என்பதை வாசித்துக்கொண்டே எப்படிக் கண்டுபிடிப்பது? ஞாபகம் அறுந்துபோனால் எங்கே குதிப்பது? நான் என் மாணவர்களை ஒவ்வொரு படைப்பிலும் 8, 10 இடத்தைக் குறித்துக்கொண்டு, எந்த இடத்தைச் சொன்னாலும் முன்பின் இல்லாமல் அங்கிருந்து தொடங்கப் பழக்குகிறேன். இது எந்தப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை. ஒரு ஷூபர்ட் சொனாட்டாவின் நடுவில் எனக்கு எல்லாம் அழிந்துபோன ஒரு சாயங்காலத்திலிருந்து வந்தது. உங்களுக்கும் அப்படி எத்தனையோ சாயங்காலம் இருக்கும். அந்த 19 வயது மாணவர் போட்டிக்குப் போகிறார் என்றீர்களே, அவருக்கு உங்கள் சுண்டுவிரலை விட இதெல்லாம்தான் அவசரம்.

சின்னக் குழந்தைகள் வேறு விஷயம். ஆரம்பப் பாடம் சொல்வது மேடைக்காரர்களுக்கு வராது, கற்றுக்கொள்ள வேண்டும். எனக்கு 6, 7 வருடம் பிடித்தது. பொறுமை ஒரு பக்கம், அதை விடப் பெரிய சிக்கல், தெரியாமல் இருப்பது எப்படி இருக்கும் என்பதே நமக்கு நினைவில்லை. ஒரு வழி சொல்கிறேன், நீங்கள் இதுவரை தொடாத ஒரு வாத்தியத்தை எடுத்து ஒரு மாதம் கற்றுப் பாருங்கள்.

"எப்போது என் வேலையானது" என்று கேட்டீர்கள். எனக்கு நான்காவது வருடம் என்று நினைக்கிறேன். ஒரு மாணவர் மேடையில் வாசித்துக்கொண்டிருந்தார், நான் சபையில் உட்கார்ந்து என் இரண்டு கையையும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன், என் சொந்தக் கச்சேரிக்குக்கூட அப்படிப் பயந்ததில்லை.

மேடைக் கதவு மூடிவிட்டது என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். ரோசினா லெவின் என்ற பியானோ கலைஞர் தன் கணவரோடு சேர்ந்து வாசித்தும், அதை விட அதிகமாகப் பாடம் எடுத்தும் வாழ்ந்தவர், ஜூலியார்ட் இசைப் பள்ளியில் எத்தனையோ தலைமுறைக்கு ஆசிரியை. 1958-இல் மாஸ்கோவில் சைக்காவ்ஸ்கி போட்டியை வென்ற வான் கிளைபர்ன் அவருடைய மாணவர். அந்த அம்மா 1963-இல், 82 வயதில், நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கோடு ஷோபானின் முதல் கான்செர்ட்டோவை வாசித்தார்.

---

இடக்கை எழுதியது:

பெடல் சத்தம் சொன்ன இடது கை விஷயத்தோடு ஒரு சின்னச் சேர்க்கை. உங்களுக்காகவும் ஏதாவது வாசியுங்கள். ராவெலின் இடது கைக் கான்செர்ட்டோ இருக்கிறது, முதல் உலகப் போரில் வலது கையை இழந்த பால் விட்கென்ஸ்டைனுக்காக எழுதியது. ஸ்க்ரியாபின் தன் வலது கை கெட்டபோது எழுதிய ப்ரெலூடும் நாக்டர்னும் இருக்கின்றன. ஆனால் நான் சொல்ல வந்தது பாகின் ஷாகோன், வயலினுக்கு எழுதியதை பிராம்ஸ் இடது கைக்கு மட்டும் என்று பியானோவுக்குக் கொண்டுவந்தது. 1877-இல் அதை பியானோ கலைஞர் கிளாரா ஷூமனுக்கு அனுப்பினார். அந்தச் சமயம் பார்த்து அந்த அம்மா ஓர் இழுப்பறையைத் திறக்கும்போது வலது கையில் தசைநார் இழுத்துக்கொண்டு வாசிக்க முடியாமல் இருந்தார், பிராம்ஸுக்கு அது தெரியாது. அடுத்த வருடம் அவர் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஹோக் இசைப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்து 1892 வரைக்கும் கற்பித்தார்.

வலது கையைச் சும்மா மடியில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். ஆரம்பத்தில் அதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். எனக்கு இரண்டு மாதத்தில் பழகியது.

---

மோதிரவிரல் எழுதியது:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், தாமதத்துக்கு மன்னியுங்கள்.

சொல்லிவிட்டேன். பெரியவர்களிடம் தனித்தனியாக, குழந்தைகளிடம் அவர்கள் வீட்டாரும் இருக்கும்போது. யாரும் போகவில்லை. 19 வயது மாணவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால் ஒன்றரை வருடமாக நீங்கள் வாசித்துக் காட்டாதது என்னால் இல்லையா?" என்று கேட்டார். கடைசி வரிசை, நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது.

அன்றைக்கே அந்த பலாடின் அதே இடத்தை எடுத்தோம். இடது கைப் பகுதியை நான் வாசித்தேன், மேலே மெட்டை அவர். மூன்றாவது தடவை நான் பாஸ் சுரத்தை, அதாவது அடியில் வரும் சுரத்தை, கொஞ்சம் தாமதமாக வைத்தேன், சொல்லாமல்தான் வைத்தேன், அவர் அதைக் கேட்டு மேலே காத்திருந்தார். இரண்டு பேரும் அப்படியே நிறுத்தாமல் அந்தப் பக்கத்தின் கடைசி வரைக்கும் போனோம். 3 வருடத்தில் முதல் தடவையாக ஷோபான் வாசித்தேன், பாதிதான்.

7 வயதுக் குழந்தை என் சுண்டுவிரலைப் பிடித்து நீட்டிப் பார்த்தது. வலிக்குமா என்று கேட்டது, இல்லை என்றேன். சரி என்று சொல்லிவிட்டு ஸ்கேல் வாசிக்க உட்கார்ந்துகொண்டது. வகுப்பு முடிந்து போகும்போது வழக்கமாகக் கேட்கும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

ஷாகோன் முதல் இரண்டு பக்கம் ஆகியிருக்கிறது. நான்காவது வேரியேஷனுக்கு மேல் என் கட்டைவிரல் சீக்கிரம் களைத்துவிடுகிறது. இடக்கை, அந்த இடத்துக்கு நீங்கள் என்ன விரல் வரிசை வைத்தீர்கள்?